ரைடரா, தற்காப்பு வீரரா? கபடி ஏலத்தில் முதல் பணம் யாருக்குப் போக வேண்டும்?

பத்து பாகாட், யோங் பெங், ஆயர் ஈத்தாம் வட்டாரங்களில் தோட்டத்துத் திடலில் சடுகுடு ஆடி வளர்ந்தவர்களுக்கு ஆள் பிரிப்பது புதிதல்ல. இரண்டு பேர் தலைவர்களாக நிற்பார்கள். மற்றவர்கள் தங்களுக்கு இணையான ஒருவரோடு சோடி சேர்ந்து, தனியே போய் ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு திரும்புவார்கள். ஒரு தலைவர் ஒரு பெயரைக் கேட்பார். அந்தப் பெயருக்கு உரியவர் அவர் பக்கம், மற்றவர் எதிர்ப்பக்கம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதற்கு 'உத்தி பிரித்தல்' என்று பெயர். இரண்டு பக்கமும் பலம் சமமாக இருக்க வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம்.

இன்று அதே சடுகுடு, புரோ கபடி லீக் என்ற பெயரில் கோடிக்கணக்கான ரூபாய் புழங்கும் தொழிலாகிவிட்டது. ரகசியப் பெயருக்குப் பதில் ஏலம் வந்துவிட்டது. ஆனால் அணித் தலைவரின் பழைய கேள்வி மட்டும் மாறவில்லை. பாடிப் போய்ப் புள்ளி எடுத்து வருபவரை முதலில் எடுப்பதா, வருபவரை மடக்கிப் பிடிப்பவரை முதலில் எடுப்பதா?

அமெரிக்கக் காற்பந்திலும் இதே கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. அங்கே அது குவார்ட்டர்பேக்கா, தற்காப்பு நட்சத்திரமா என்ற கேள்வி. இரண்டு விளையாட்டுகளின் அனுபவமும் ஏறக்குறைய ஒரே பாடத்தைத்தான் சொல்கிறது.

ஏலம் எப்படி நடக்கிறது?

புரோ கபடி லீக் 2014இல் எட்டு அணிகளோடு தொடங்கியது. 2017இல் அணிகள் 12 ஆயின. சென்னையைத் தளமாகக் கொண்ட தமிழ் தலைவாஸ் அந்த ஆண்டுதான் சேர்ந்தது.

ஒவ்வோர் அணிக்கும் செலவு வரம்பு உண்டு. அந்தத் தொகைக்குள்தான் முழு அணியையும் அமைக்க வேண்டும். 2022 ஏலத்தில் அந்த வரம்பு 4 கோடியே 40 லட்சம் ரூபாய். அடுத்த ஏலத்தில் அது 5 கோடியானது. பழைய ஆட்டக்காரர்கள் சிலரை அணிகள் ஏலத்துக்கு முன்பே தக்க வைத்துக்கொள்ளலாம். மீதி இடங்களை ஏலத்தில் நிரப்ப வேண்டும். ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் மற்றவர்களுக்குக் கிள்ளித்தான் கொடுக்க முடியும்.

ரைடருக்கு ஏன் விலை அதிகம்?

கபடியில் களத்தில் இருப்பவர்கள் பக்கத்துக்கு ஏழு பேர். ஆட்டம் 40 நிமிடம். பாடிப் போகும் ரைடருக்கு ஒவ்வொரு முறையும் 30 விநாடி. அவர் ஒருவரைத் தொட்டுத் திரும்பினால் ஒரு புள்ளி. தொடப்பட்டவர் வெளியேறுவார். அதோடு, ரைடரின் பக்கத்தில் ஏற்கெனவே வெளியே உட்கார்ந்திருக்கும் ஒருவர் உள்ளே வருவார். எதிரணி ஆட்கள் அனைவரும் வெளியேறிவிட்டால் கூடுதலாக இரண்டு புள்ளி.

ஒரே ஓட்டத்தில் மூன்று, நான்கு பேரைத் தொட்டு வரும் ரைடர் ஒரு நிமிடத்துக்குள் ஆட்டத்தையே புரட்டிப்போட்டுவிடுவார். பிடிப்பவருக்கு அப்படியில்லை. அவர் எவ்வளவு சிறப்பாகப் பிடித்தாலும் ஒரு முறைக்கு ஒரு புள்ளிதான். களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் மட்டும் இரண்டு புள்ளி. அதைச் 'சூப்பர் டேக்கிள்' என்பார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ரைடர் எப்போது போக வேண்டும் என்பதை அவருடைய அணி முடிவு செய்கிறது. நல்ல ரைடரை ஓர் ஆட்டத்தில் 20 முறைகூட அனுப்பலாம். தற்காப்பு வீரர் அப்படியல்ல. எதிரணி ரைடர் அவர் நிற்கும் பக்கமே வராமல் ஒதுங்கிவிட்டால் அவர் என்ன செய்ய முடியும்? அதனால்தான் ஏலத்தில் பெரிய தொகை பெரும்பாலும் ரைடருக்கே போகிறது.

இதற்கு ஆதாரமும் இருக்கிறது. பாட்னா பைரேட்ஸ் அணி மூன்றாம், நான்காம், ஐந்தாம் பருவங்களில் தொடர்ந்து மூன்று முறை கிண்ணத்தை வென்றது. அந்த அணியின் தூண் பர்தீப் நர்வால் என்ற ரைடர். 2017இல் நடந்த ஐந்தாம் பருவத்தில் மட்டும் அவர் 369 ரைடு புள்ளி எடுத்தார். 2019 ஜனவரியில் நடந்த ஆறாம் பருவ இறுதியாட்டத்தில் பெங்களூரு புல்ஸ் 38-33 என்று குஜராத்தை வென்றபோது, பவன் செராவத் தனியாளாக 22 புள்ளி எடுத்தார். பெரிய ரைடர் இருந்தால் கிண்ணம் வரும் என்ற நம்பிக்கை இப்படித்தான் வேரூன்றியது.

கண்ணுக்குத் தெரியாத வேலை

தற்காப்பு என்பது தனியாள் வேலையல்ல. இரு மூலையிலும் இருவர் நிற்பார்கள். அவர்களுக்கு அடுத்து 'கவர்' இடத்தில் இருவர். மூலையில் நிற்பவர் கணுக்காலையோ தொடையையோ பிடித்தால், அடுத்தவர் அதே நொடியில் மேலே விழுந்து மடக்க வேண்டும். அரை நொடி தாமதித்தால் ரைடர் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். அப்போது பிடித்தவர், உதவிக்கு வந்தவர் எல்லாரும் வெளியே. ஆகவே பிடிப்பவரின் திறமையில் பாதி பக்கத்தில் நிற்பவரிடம் இருக்கிறது எனலாம்.

புள்ளிப் பட்டியலில் தெரியாத பலன் ஒன்றும் இதில் உண்டு. எதிரணியின் பெரிய ரைடரைப் பிடித்தால் கிடைப்பது ஒரு புள்ளிதான். ஆனால் அவர் வெளியே உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் எதிரணி இரண்டாம் தர ரைடரை அனுப்ப வேண்டியிருக்கும். கோடி கொடுத்து வாங்கிய ஆள் பல நிமிடம் வெறும் பார்வையாளர். அந்த நிமிடங்களுக்கு யாரும் புள்ளி எழுதி வைப்பதில்லை.

இதை உலகம் பார்த்தது 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில். 1990இல் கபடி ஆசியப் போட்டியில் சேர்க்கப்பட்டதிலிருந்து ஆடவர் தங்கம் ஏழு முறையும் இந்தியாவுக்கே கிடைத்திருந்தது. அந்த ஆண்டு அரையிறுதியில் ஈரான் 27-18 என்று இந்தியாவை வீழ்த்தியது. இந்தியாவின் தலைவர், அப்போது தமிழ் தலைவாஸ் அணிக்கும் தலைவராக இருந்த அஜய் தாக்கூர். லீக்கில் புள்ளிகளைக் குவித்த ரைடர்கள் நிறைந்த அணி, ஈரானின் பிடியில் முழு ஆட்டத்துக்கும் 18 புள்ளியோடு நின்றது. ஈரான்தான் தங்கம் வென்றது.

ஒரே ஏலம், இரண்டு விலை

இந்த விவாதத்துக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு 2021 ஏலம். மூன்று கிண்ணம் வென்று தந்த பர்தீப் நர்வாலை பாட்னா விட்டுக்கொடுத்தது. யு.பி. யோதா அணி அவரை 1 கோடியே 65 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அது அன்றைய சாதனை விலை. அதே ஏலத்தில் பாட்னா, முகமதுரேசா ஷாத்லூயி என்ற ஈரானிய இளைஞரை 31 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. இடது மூலையில் நின்று பிடிப்பவர் அவர்.

அந்தப் பருவத்தில் பாட்னா பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஷாத்லூயியின் தடுப்புப் புள்ளிகள் லீக்கிலேயே அதிகம். அரையிறுதியில் பாட்னாவுக்கு எதிரே வந்தது பர்தீப் ஆடிய யு.பி. யோதா. பாட்னா 38-27 என்று வென்றது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இறுதியாட்டத்தில் தபாங் டெல்லி 37-36 என்று ஒரே புள்ளியில் பாட்னாவை வென்றது. டெல்லியின் வெற்றிக்குத் தோள் கொடுத்தவர்கள் விஜய், நவீன் குமார் என்ற இரு ரைடர்கள். நல்ல தற்காப்பு பாட்னாவை இறுதிவரை கொண்டு வந்தது. கடைசி ஒரு புள்ளியை அதனால் எடுத்துத் தர முடியவில்லை.

தமிழ் தலைவாஸ் கற்ற பாடம்

தமிழ் ரசிகர்களுக்கு நெருக்கமான கதை தமிழ் தலைவாஸ் உடையது. 2019இல் அந்த அணி ராகுல் சௌத்ரியை 94 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அஜய் தாக்கூர், மஞ்ஜீத் சில்லர் என்று பெயர் பெற்றவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். நட்சத்திரக் கூட்டம் என்று பேசப்பட்ட அந்த அணி 12 அணிகளில் கடைசி இடத்தில் முடித்தது.

2022 ஆகஸ்ட் ஏலத்தில் தலைவாஸ் இன்னும் பெரிய முடிவு எடுத்தது. பவன் செராவத்துக்கு 2 கோடியே 26 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 13 லட்சம் ரிங்கிட். அதுவரை லீக்கில் எவருக்கும் கிடைக்காத தொகை அது. அணியின் மொத்த வரம்பில் பாதிக்கு மேல் ஒரே ஆளுக்குப் போனது.

அக்டோபரில் முதல் ஆட்டம். சில நிமிடங்களில், எதிரணி ரைடரைப் பிடிக்க முயன்றபோது பவனுக்கு முழங்காலில் அடிபட்டது. அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பருவம் முழுவதும் அவர் திரும்பவில்லை.

தலைவாஸின் கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. சாகர், சாஹில் குலியா, மோஹித், எம்.அபிஷேக் ஆகியோர் சேர்ந்த தற்காப்பு வரிசை நிலைத்து நின்றது. இளம் ஆட்டக்காரர்களுக்கான பிரிவில் குறைந்த விலையில் வந்த நரேந்தர் என்ற புது ரைடர், பவன் செய்ய வேண்டிய வேலையை ஏற்று 200க்கும் மேற்பட்ட ரைடு புள்ளிகள் எடுத்தார். இடையில் பயிற்றுநராக அஷன் குமார் பொறுப்பேற்றார். அதுவரை ஒருமுறைகூட முதல் சுற்றைத் தாண்டாத தலைவாஸ், முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. அங்கே புனேரி பல்டனிடம் இரண்டே புள்ளியில், 37-39 என்று தோற்றது.

ஒருவரை நம்பிப் பாதிப் பணத்தைப் போட்டதன் ஆபத்தை முதல் ஆட்டமே காட்டிவிட்டது. அந்த அடியைத் தாங்க வைத்தது பெயர் தெரியாத ஒரு ரைடரும், ஒன்றாக ஆடிப் பழகிய தற்காப்பு வரிசையும்தான்.

அப்படியானால் தற்காப்பு வீரரே போதுமா?

அடுத்த இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் காட்டின. 2023 ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரம் கொடுத்து பவனை எடுத்தது. பவன் புள்ளி எடுத்தார். அணி 22 ஆட்டத்தில் இரண்டில் மட்டும் வென்று கடைசி இடம் பிடித்தது. அதே ஏலத்தில் புனேரி பல்டன் 2 கோடியே 35 லட்சத்துக்கு ஷாத்லூயியை எடுத்துக் கிண்ணம் வென்றது. 2024இல் அரியானா ஸ்டீலர்ஸ் 2 கோடியே 7 லட்சத்துக்கு அவரை எடுத்தது. அந்த அணியும் கிண்ணம் வென்றது.

இதைப் பார்த்துத் தற்காப்புக்கே முதல் பணம் என்று முடிவு கட்டிவிடலாமா? முடியாது. 2024இல் தமிழ் தலைவாஸிடம் இரண்டும் இருந்தன. 2 கோடியே 15 லட்சத்துக்கு எடுத்த ரைடர் சச்சின் தன்வார் ஒரு பக்கம். அந்தப் பருவத்தில் லீக்கில் அதிகத் தடுப்புப் புள்ளி எடுத்தவர்களில் ஒருவரான நிதேஷ் குமார் மறுபக்கம். அப்படியும் அணி ஒன்பதாம் இடத்தில்தான் முடித்தது.

2025இல் குஜராத் ஜெயண்ட்ஸ் 2 கோடியே 23 லட்சத்துக்கு ஷாத்லூயியை எடுத்தது. பெங்கால் அணி 2 கோடியே 20 லட்சத்து 50 ஆயிரத்துக்கு ரைடர் தேவாங்க் தலாலை எடுத்தது. அந்த ஏலத்தின் மிகப் பெரிய இரண்டு விலைகள் அவை. முதல் எட்டு இடத்துக்குள் இரண்டு அணியுமே வரவில்லை. கிண்ணம் வென்ற தபாங் டெல்லியில் முன்னே அஷு மாலிக் என்ற ரைடர். பின்னே ஃபசல் அத்ராசலி, சுர்ஜீத் சிங் போன்ற அனுபவசாலிகள்.

புனேயிலும் அரியானாவிலும் ஷாத்லூயி வெற்றி பெற்றதற்குக் காரணம் அவர் ஒருவர் மட்டுமல்ல. அவர் வருவதற்கு முன்பே அந்த அணிகளில் ஒன்றாகப் பழகிய இளைஞர் கூட்டம் இருந்தது. அவர் கடைசிச் செங்கலாக வந்து பொருந்தினார். அடித்தளமே இல்லாத இடத்தில் அதே செங்கல் தனியாக நின்றது.

அமெரிக்காவின் அனுபவம்

அமெரிக்கக் காற்பந்தில் ஏலம் இல்லை. கல்லூரி முடித்து வரும் ஆட்டக்காரர்களை 32 அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். முந்தைய ஆண்டில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. பலத்தைச் சமப்படுத்துவதுதான் இதன் நோக்கமும். அந்த வகையில் இது நம் உத்தி பிரித்தலுக்கு உறவுதான்.

குவார்ட்டர்பேக் என்பவர் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவு செய்பவர். அணியின் தாக்குதல் முழுவதும் அவர் கை வழியே போகும். அதனால் முதல் வாய்ப்பு பெரும்பாலும் அவருக்கே.

2011 தேர்வில் கரோலைனா அணி முதல் வாய்ப்பில் கேம் நியூட்டன் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. அடுத்த வாய்ப்பில் டென்வர் அணி வான் மில்லர் என்ற தற்காப்பு வீரரை எடுத்தது. நியூட்டனை எடுத்தது தவறல்ல. 2010இல் 16 ஆட்டத்தில் இரண்டு மட்டுமே வென்ற கரோலைனா, 2015இல் 15 ஆட்டங்களை வென்றது. அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் நியூட்டனுக்கே.

2016 பிப்ரவரி 7 அன்று நடந்த இறுதியாட்டத்தில் இந்த இரு அணிகளும் மோதின. நியூட்டன் கையிலிருந்த பந்தை மில்லர் இரண்டு முறை தட்டிப் பறித்தார். இரண்டும் டென்வருக்குப் புள்ளியாக மாறின. டென்வர் 24-10 என்று வென்றது. ஆட்ட நாயகன் விருது தற்காப்பு வீரர் மில்லருக்குப் போனது. பருவம் முழுவதும் அணியைத் தூக்கி வந்தவர் நியூட்டன். ஒரே நாளில் அவரை நிறுத்தியவர் மில்லர். டென்வரிலும் மில்லர் தனியாக இல்லை. அந்த ஆண்டு லீக்கின் மிகச் சிறந்த தற்காப்புகளில் ஒன்று அவரைச் சூழ்ந்து நின்றது.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல

மலேசியக் காற்பந்தை நேசிக்கும் குடும்பங்களில் மொக்தார் டஹாரியின் பெயர் தெரியாதவர் இல்லை. கோல் அடித்தவர் என்ற பெருமை அவருக்கு. ஆனால் அதே காலத்துப் பெரியவர்களிடம் கேட்டால், அதே மூச்சில் இன்னும் மூன்று பெயர் சொல்வார்கள். கோல் கம்பத்தின் நடுவே 'ஸ்பைடர்மேன்' ஆர்.ஆறுமுகம். அவருக்கு முன்னே சந்தோக் சிங்கும் சோ சின் ஆனும்.

1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. வெற்றிக் கோல் அடித்தவர் ஜேம்ஸ் வோங். பின்னே அந்த மூவரும் நின்றிராவிட்டால் அந்த ஒரு கோல் போதுமானதாக இருந்திருக்காது. அரசியல் காரணத்தால் மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. ஆனாலும் அந்த அணி இன்றும் பேசப்படுகிறது.

குழு அமைப்போர் கவனிக்க வேண்டியவை

கோடிகளில் நடக்கும் ஏலத்துக்கும், கோயில் திருவிழாவையோ பொங்கலையோ ஒட்டி நடக்கும் வட்டாரப் போட்டிக்கும் தூரம் அதிகம். ஆனால் கையில் இருக்கும் சில நூறு ரிங்கிட்டை வைத்து வெளியூர் ஆட்டக்காரர் ஒருவரை அழைக்கலாமா என்று யோசிக்கும் குழுவுக்கும் கேள்வி இதேதான்.

முதலாவது, முதலில் இருப்பதைக் கணக்கெடுக்க வேண்டும். ஒன்றாக ஆடிப் பழகிய நான்கு தற்காப்பு வீரர்கள் இருந்தால், பணத்தை ரைடருக்குக் கொடுப்பது சரி. அப்படி இல்லையென்றால் எவ்வளவு பெரிய ரைடர் வந்தாலும், அவர் முன்னே எடுக்கும் புள்ளி பின்னே ஒழுகிவிடும்.

இரண்டாவது, தற்காப்பு வீரரைத் தனியாக வாங்குவதைவிடச் சோடியாக எடுப்பது நல்லது. மூலையும் கவரும் ஏற்கெனவே சேர்ந்து ஆடியவர்களாக இருந்தால், பேர் பெற்ற ஒருவரைவிட அவர்கள் அதிகம் பிடிப்பார்கள்.

மூன்றாவது, ஒருவருக்கே பாதிப் பணத்தைக் கொடுக்கக் கூடாது. முழங்கால் யாருக்கும் சொல்லிக்கொண்டு முறிவதில்லை. இரண்டாவது ரைடரைத் தயாராக வைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் அவர் நம் ஊர்ப் பையனாகவே இருப்பார்.

நான்காவது, பிடிப்பையும் எழுதி வைக்க வேண்டும். போட்டி முடிந்ததும் அதிகப் புள்ளி எடுத்த ரைடருக்குக் கிண்ணம் கொடுப்பது வழக்கம். எதிரணியின் சிறந்த ரைடர் எத்தனை நிமிடம் வெளியே உட்கார்ந்தார், அவரை உட்கார வைத்தவர் யார் என்ற கணக்கையும் வைத்தால் அணிக்கு யார் தேவை என்பது தானாகத் தெரியும்.

கடைசி யோசனையில் பிள்ளைகளின் எதிர்காலமும் அடங்கியிருக்கிறது. பயிற்சிக்கு வரும் சிறுவர்கள் எல்லாரும் ரைடராகவே ஆசைப்படுகிறார்கள். கைதட்டல் அங்கேதான் கேட்கிறது. வேகம் குறைவாக, ஆனால் கால் அசையாமல் நிற்கத் தெரிந்த பையன் சில வாரம் பார்த்துவிட்டு வீட்டோடு இருந்துவிடுகிறான். ஷாத்லூயியைப் போல மூலையில் நின்று உலகப் பெயர் எடுக்கலாம் என்று அவனுக்குச் சொல்ல ஆள் இல்லை. நல்ல தற்காப்பு வரிசை ஏலத்தில் மட்டும் கிடைப்பதில்லை. அந்தப் பையனை நிறுத்தி வைக்கும் திடலிலும் அது கிடைக்கும்.